பித்தளைத் தட்டில் நின்ற குருவி

கோயில் தலைவர் அந்தப் பித்தளைத் தாம்பாளத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு பிள்ளை மடுவத்துக்குள் நுழைந்தார். புளி போட்டுத் தேய்த்த ஈரம் இன்னும் காயவில்லை. எங்கள் தோட்டத்தில் அதைவிடப் பெரிய தட்டு கிடையாது. திருவிழாவுக்கு மட்டும்தான் வெளியே வரும்.

“பெரிய ஆளுங்க வர்ற நேரத்துல வெறும் மேசையிலயா வைப்பாங்க? தட்டுல வச்சுக் காட்டினாத்தானே மரியாத. எடும்மா” என்றார் என் மனைவி புவனாவிடம்.

மேசையில் இருந்தது புவனா செய்த குருவி. ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரை அட்டையில் வெட்டி மஞ்சள் சாயம் பூசி, கவ்வாத்தில் வெட்டிப் போட்ட தேயிலைக் குச்சியில் கட்டிய சட்டத்தில் நூலால் தொங்கவிட்டிருந்தாள். குருவியின் வயிற்றுக்கு அடியில் ஒரு காந்தம். கீழே, பழைய தேயிலைப் பெட்டியின் மெல்லிய பலகையில், செப்புக் கம்பிச் சுருள் ஒன்றும் சின்ன பேட்டரி ஒன்றும். விரலால் ஒருமுறை தட்டிவிட்டால் போதும். குருவி சுருளுக்கு மேலே வரும்போதெல்லாம் சுருள் அதை ஒரு தள்ளுத் தள்ளும். பேட்டரி தீரும்வரை குருவி நிற்காது. பதுளையிலிருந்து பார்க்க வருகிற மேடம் கையாலேயே முதல் தட்டு விழட்டும் என்று அன்று காலையிலிருந்து அதை ஆடவிடாமல் வைத்திருந்தாள்.

தலைவர் தட்டில் வெற்றிலை அடுக்கினார். விளிம்பில் குங்குமம் வைத்தார். வெளியே ஜீப்பின் சத்தம் கேட்டது. புவனா குருவியைப் பலகையோடு தூக்கினாள். தட்டில் வைக்கப்போனவள், நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

“என்னாங்க, பித்தளத் தட்டுல வச்சா ஒண்ணும் ஆகாதுல்ல?”

நான் அந்தத் தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், எலெக்ட்ரீஷியன். கரண்ட் என்ற பேச்சு வந்தாலே எல்லோரும் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

“ஒண்ணும் ஆகாது. வை” என்றேன்.

அது பொய். பொய் என்று தெரிந்துதான் சொன்னேன்.

வாசகருக்கு ஒரு பதில்

போன வாரம் ஸ்டோருச் சங்கைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு பண்டாரவளையிலிருந்து ஒரு வாசகர் கடிதம் போட்டிருக்கிறார். “எதைப் பற்றி எழுதினாலும் கடைசியில் நீங்கள்தான் கெட்டிக்காரராக வருகிறீர்கள்” என்று. ஐயா, இந்த வாரம் உங்களுக்காகத்தான்.

எனக்குப் பொறாமை பிறவியிலேயே உண்டு. பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் இருப்பவனுக்கு விசுக்கோத்து ஒன்று கூடப் போனால் எனக்கு அன்றைக்குப் பாடம் ஏறாது. மச்சான் வீட்டில் டிஷ் அன்டெனா பூட்டியபோது, அதைப் பூட்டிக் கொடுத்தவன் நான்தான், ஆனால் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. எங்கள் கல்யாணப் படத்தில் புவனா நன்றாக விழுந்திருக்கிறாள். நான் கண்ணை மூடியிருக்கிறேன். அதைச் சட்டம் போட்டு மாட்ட நான் விடவே இல்லை. அளவான கண்ணாடி கிடைக்கவில்லை என்று இத்தனை வருடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆனாலும் கட்டிய பெண்டாட்டி மேலேயே பொறாமைப்படுவேன் என்று நான் நினைத்ததில்லை. அப்படிப்பட்டவனை என் முன்னால் கொண்டுவந்து நிறுத்தியிருந்தால் நானே நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.

புவனாவுக்கு வேலை பிள்ளை மடுவத்தில். தாய்மார் கொழுந்து எடுக்கப் போகும்போது கைப்பிள்ளைகளையும் நடக்கிற பிள்ளைகளையும் விட்டுவிட்டுப் போகும் இடம் அது. பால் கலக்குவது, தொட்டில் ஆட்டுவது, மூக்குத் துடைப்பது, சண்டை விலக்குவது, எல்லாம் அவள். எட்டு வருடமாக உதவியாள் என்ற பெயரிலேயே இருந்தாள்.

அந்தச் சமயத்தில் ரோட்டோரத்தில், தோட்டத்தின் மூன்று டிவிஷனுக்கும் பொதுவாக, புதிதாக ஒரு சிறுவர் நிலையம் கட்டி முடித்திருந்தார்கள். சுவரில் யானையும் முயலும் வரைந்த கட்டடம். அதற்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும். புவனா கேட்டிருந்தாள். மேல் டிவிஷன் பெண் ஒருத்தியும் கேட்டிருந்தாள். அந்தப் பெண்ணிடம் சர்ட்டிபிகேட் ஒரு ஃபைல் நிறைய இருந்தது.

சிறுவர் நிலையங்களைப் பார்க்கிற பதுளைக் கந்தோரிலிருந்து, அதாவது அலுவலகத்திலிருந்து, ஒரு நிபந்தனை வந்தது. வேலை கேட்கிறவர் தன் கையாலேயே பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டுச் சாமான் செய்து காட்ட வேண்டும். வேறு ஆள் செய்தது சேர்த்தி இல்லை.

“சர்ட்டிபிகேட்டுக்கு நான் எங்க போறது? இது ஒண்ணுதான் எனக்கு இருக்கு” என்றாள் புவனா.

மொத்தக் கம்பி

கரண்டை மணிக்கணக்கில் வெட்டிக்கொண்டிருந்த காலம் அது. போனில் சார்ஜ் இருக்கும்வரை அவள் அதில் ஏதாவது பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் சாயங்காலம் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். யாரோ ஒருவன் கம்பியும் காந்தமும் வைத்து ஒரு பொம்மையை ஆட விட்டிருந்தான்.

“இது நம்மளால செய்ய முடியுமாங்க?”

“இதெல்லாம் சும்மா போன்ல காட்டுவான். உள்ள மோட்டார ஒளிச்சு வச்சிருப்பான்” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தேன்.

சொன்னேனே ஒழிய, மறுநாளே ஸ்டோரில் அதைச் செய்துபார்க்க ஆரம்பித்துவிட்டேன். நான் செய்து காட்டினால் அவள் வாயைப் பிளப்பாள் அல்லவா. எரிந்துபோன மோட்டார் ஒன்றில் உரித்த கம்பி கிடந்தது. நல்ல மொத்தக் கம்பி, விரலுக்குத் தடிமனாகத் தெரியும். பத்தாததற்கு பதுளைக்குப் போய் அதைவிட மொத்தமாகக் கொஞ்சம் வாங்கினேன். கம்பி மொத்தமாக இருந்தால் கரண்ட் நிறையப் போகும், கரண்ட் நிறையப் போனால் தள்ளு பலமாக இருக்கும். பெரிய மோட்டார்களோடு பழகிய மண்டை அப்படித்தானே யோசிக்கும்.

ஐம்பது சுற்றுச் சுற்றினேன். சுருள் சுட்டது. பேட்டரி அதைவிடச் சுட்டது. நூலில் தொங்கவிட்ட காந்தம் ஒரு உதறு உதறிவிட்டு அப்படியே நின்றது. பேட்டரியைப் பெரிதாக்கினேன். வார்னிஷ் எரிந்த நாற்றம் ஸ்டோர் முழுக்கப் போய், டீமேக்கர் ஐயா தேயிலை கருகுகிறதோ என்று ஓடி வந்தார்.

வீட்டில் புவனா வாசற்படியில் உட்கார்ந்து, பழைய கனத்த சார்ஜர் ஒன்றை உடைத்து, உள்ளே இருந்த கம்பியை எடுத்துக்கொண்டிருந்தாள். தலைமுடி மாதிரி மெல்லிய கம்பி. எனக்குச் சிரிப்பு வந்தது. அதில் என்ன தள்ளப்போகிறது என்று நினைத்தேன்.

அவள் இரண்டு இழையைச் சேர்த்தே சுற்றினாள். ஒரு இழை காந்தம் வருவதை மோப்பம் பிடிக்கும். மற்றது தள்ளும். வருகிறது, இப்போது தள்ளு என்று சொல்வதற்கு நடுவில் மூன்று கால் உள்ள டிரான்ஸிஸ்டர். எத்தனை சுற்று என்று எண்ணிக்கொண்டே போனால் யாராவது கூப்பிட்டதும் மறந்துவிடும் அல்லவா. அவள் எண்ணவே இல்லை. பிள்ளை மடுவத்து வருகை இடாப்பில் இருந்த இருபத்தொரு பிள்ளைகளின் பெயரையும் வரிசையாகச் சொன்னாள். பேருக்கு ஒரு சுற்று. “அபிஷன், கிருஷிகா, டினுஷன், மதுஷா...” கடைசிப் பெயர் வந்ததும் படியில் கரியால் ஒரு கோடு. லீவு போட்ட பிள்ளைக்கும் சுற்று உண்டு. அப்படி இருபது கோடு.

நான் உள்ளே படுத்துக்கொண்டு அந்தப் பெயர்களைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கம்பி முனையின் பூச்சை பிளேடால் சுரண்டுகிற சத்தமும் கேட்டது. அவள் யாரையும் உதவிக்குக் கூப்பிடவில்லை. முக்கியமாக, என்னைக் கூப்பிடவில்லை.

அந்த வாரம் மறுபடியும் பதுளை ரேடியோ கடைக்குப் போனேன். கடைக்கார நானா என்னைக் கண்டதும் சிரித்தார்.

“ஒங்கட வீட்டுக்காரி வந்திட்டுப் போனாங்க. மூணு கேள்விதான் கேட்டாங்க. மூணும் சரியான கேள்வி. அதுசரி, நீங்க என்னத்துக்கு இந்த மொத்தக் கம்பிய அள்ளிட்டுப் போறீங்க?”

“ஸ்டோருக்கு” என்றேன். காது சூடாகிவிட்டது.

இரண்டு நாள் கழித்து வீட்டுக்குள் நுழைகிறேன், குருவி ஆடிக்கொண்டிருக்கிறது. “மொத நாள் ஆடலங்க. ஒரு இழையோட ரெண்டு முனையையும் மாத்திப் பாத்தேன், ஆடிருச்சு” என்றாள். அவள் முகம் முழுக்கச் சிரிப்பு. கட்டிக்கொண்ட நாளில்கூட அப்படிச் சிரித்ததை நான் பார்த்ததில்லை. நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். “கழுத்து கொஞ்சம் கோணல்” என்றேன்.

பிறகு எங்கள் லயத்து வரிசை வீடுகள் முழுக்கத் திரண்டு வந்தன. கொழுந்துக்கூடையை இறக்கிவைத்துவிட்டுக் குருவியைப் பார்த்தார்கள். வயிறு எரிந்தது எனக்கு. அதுவரை அவள் கரண்டுக்காரர் பெண்டாட்டி. பத்து நாளில் நான் குருவிக்காரி புருஷன் ஆகிவிட்டேன். பக்கத்துக் காம்பரா வீட்டுப் பெண் டோர்ச்சைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் நிற்கிறாள்.

“அண்ணே, அக்கா இல்லையா? டோர்ச் பத்தமாட்டேங்குது.”

“குடு, நான் பாக்குறேன்.”

“பரவால்லண்ணே. அக்கா வரட்டும்.”

இருபது வருடம் இந்தத் தோட்டத்துக்கு வெளிச்சம் கொடுத்தவன் நான். ஒரு டோர்ச்சைக்கூட என் கையில் கொடுக்கவில்லை.

மீட்டர்த் தட்டு

பித்தளைத் தட்டு விஷயம் எனக்கு எப்படித் தெரியும் என்பதையும் சொல்ல வேண்டும். அது தெரியாமல் செய்த பிழை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

பழைய கரண்ட் மீட்டர்களைப் பார்த்திருப்பீர்கள். கண்ணாடிக்குள் ஒரு அலுமினியத் தட்டு சுற்றிக்கொண்டிருக்கும். ஸ்டோரில் கழற்றிப் போட்ட ஒன்றை, வேலை இல்லாத ஒரு மழை நாளில் பிரித்துப் பார்த்தேன். தட்டை விரலால் சுண்டிவிட்டால் ஒரு சுற்றுக்கூடப் போகாமல் நின்றது. ஏதோ பிடித்துக்கொண்டிருக்கிறது என்று தேடினேன். ஒன்றும் அதைத் தொடவே இல்லை. ஓரத்தில் ஒரு காந்தம் மட்டும் இருந்தது. காந்தத்தைக் கழற்றிவிட்டுச் சுண்டினேன். தட்டு பம்பரமாகச் சுற்றியது. திரும்பப் பூட்டினேன். நின்றது.

அலுமினியத்தைக் காந்தம் இழுக்காது. ஒட்டவும் ஒட்டாது. ஆனால் பக்கத்தில் ஒன்று அசைந்தால் மற்றது பிடித்து நிறுத்தும். செம்பும் பித்தளையும் அதே ரகம்தான். அன்றைக்கு இதைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் வீட்டுக்கு ஓடிப் போய்ச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவள் புவனா. பாதியில் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

ஆகவே தலைவர் தட்டை ஏந்திக்கொண்டு உள்ளே வந்தபோதே எனக்குத் தெரியும். அந்தச் சின்ன பேட்டரியின் தள்ளு எவ்வளவு என்று தெரியும். அந்தத் தட்டு எவ்வளவு மொத்தம் என்றும் தெரியும்.

தட்டு இல்லாமல் எதையும் பெரியவர்கள் முன்னால் கொண்டுபோக எங்கள் ஆட்களுக்கு மனசு வராது. பதுளைக் கந்தோரே வந்தாலும் வெற்றிலை அடுக்கித்தான் கொடுப்பார்கள். அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. சொல்ல வேண்டியவன் ஒருவன்தான். அவன் “வை” என்றான்.

ஆமாங்க மேடம்

தோட்டத்து மேனேஜர் துரையும் பதுளைக் கந்தோர் மேடமும் உள்ளே வந்தார்கள். மேடம் யாழ்ப்பாணத்துக்காரர். பதுளையில் நீண்ட நாளாக வேலை. மெதுவாகப் பேசுகிறவர். கையில் ஒரு சிவப்புக் கொப்பி. விளக்கேற்றினார், பிள்ளைகள் பாட்டுப் பாடின, பிறகு மேசைக்கு வந்தார்.

“நல்ல வடிவா இருக்கே” என்று குருவியை ஒரு தட்டுத் தட்டினார்.

குருவி போனது, வந்தது. போனது, வந்தது. ஒவ்வொரு தடவையும் தூரம் குறைந்தது. பத்துப் பதினைந்து ஆட்டம்தான். நடுவில் வந்து நின்றுவிட்டது. மேடம் இன்னொரு தட்டுத் தட்டினார். மறுபடியும் அப்படித்தான்.

புவனா குனிந்து பேட்டரியை அமுக்கினாள். கம்பியைத் தொட்டாள். அவள் கழுத்துப் பின்னால் வேர்த்து ஓடியது எனக்குத் தெரிந்தது. அவளுடைய எட்டு வருட உழைப்பு அந்தக் குருவியில் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அந்த நேரத்தில் சந்தோஷமாக இருந்தது. இதை எழுத மூன்று நாள் தயங்கினேன். ஆனால் சந்தோஷமாகத்தான் இருந்தது.

“நேத்து வரைக்கும் ஆடிச்சுங்க மேடம். எங்க வீட்டுக்காரரு எலெக்ட்ரீஷியன். அவரு கொஞ்சம் பாத்தா...” என்று என்னைப் பார்த்தாள்.

முன்னால் போனேன். சும்மா தூக்கி மேசையில் வைத்தாலே போதும். அது பற்றாது என்று தோன்றியது. சட்டைப் பையிலிருந்து டெஸ்டரை எடுத்தேன். அந்த பேட்டரிக்கு டெஸ்டர் எரியவே எரியாது. இருந்தாலும் அங்கே ஒரு தொடல், இங்கே ஒரு தொடல். ஒரு கம்பியை நிமிர்த்துவது போல நிமிர்த்தினேன். பிறகு “தட்டு எடஞ்சலா இருக்கு” என்று முணுமுணுத்துக்கொண்டு, பலகையோடு தூக்கி வெள்ளைத் துணியில் வைத்துத் தட்டிவிட்டேன்.

ஆடியது. பிள்ளைகள் கத்தின. துரை என் கையைப் பிடித்துக் குலுக்கினார். இருபது வருடத்தில் முதல் தடவை.

“இந்தச் சாமானை நீங்களோ செய்தனீங்கள்?” என்று மேடம் கேட்டார்.

புவனா என் பக்கத்தில்தான் நின்றாள். நிபந்தனை எனக்குத் தெரியும். நான் என்ன சொல்ல வேண்டும் என்றும் தெரியும். துரையின் கை இன்னும் என் கையில் இருந்தது.

“ஆமாங்க மேடம்” என்றேன்.

மேடம் சிவப்புக் கொப்பியில் எழுதினார். புவனா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இன்னொரு வார்த்தை சொல்வேன் என்று காத்திருக்கிறாள் என்பது தெரிந்தது. துரை முன்னாலும் மேடம் முன்னாலும் புருஷனைப் பொய்யன் என்று அவள் சொல்ல மாட்டாள். நான் கொப்பியைப் பார்த்தேன். அவள் குனிந்து ஒரு பிள்ளைக்கு மூக்கைத் துடைத்துவிட்டாள்.

“மற்றத் தோட்டத்துப் பிள்ளையளுக்கும் இது இருக்க வேணும். ஒருநாள் வந்து சொல்லிக் குடுப்பியளோ?”

“குடுக்கிறேங்க மேடம்.”

உப்புச் சரியான சோறு

வீட்டில் பெரிய சண்டை வரும் என்று தயாராகத்தான் போனேன். பதில்கூட யோசித்து வைத்திருந்தேன். சண்டை வரவில்லை. அவள் சமைத்தாள். உப்புச் சரியாக இருந்தது, காரம் சரியாக இருந்தது. “இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க” என்றாள். நான் பாதியிலேயே கை கழுவிவிட்டேன்.

அப்படியே மூன்று வாரம். நமுனுகுல மலைப் பக்கம் மழை கட்டி இறங்கியது, ஸ்டோரில் லைன் இரண்டு தடவை விழுந்தது, நான் ஏறிச் சரிபண்ணினேன். தோட்டத்தில் எல்லோரும் இப்போது என்னைத்தான் குருவி செய்தவர் என்றார்கள். டோர்ச்சுகள் திரும்பி வந்தன. நான் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது.

ஒரு சாயங்காலம் அடுப்படிக்குள் எட்டிப் பார்த்தேன். புவனா சோற்றுப் பானையின் அலுமினிய மூடியைத் தரையில் கவிழ்த்து, அதன்மேல் குருவியை வைத்துத் தட்டினாள். நின்றது. மூடியை உருவிவிட்டுத் தட்டினாள். ஆடியது. மறுபடியும் மூடி. நின்றது. மறுபடியும் உருவினாள். நாலு தடவை செய்தாள். நான் நிற்பது அவளுக்குத் தெரியும். திரும்பிப் பார்க்கவில்லை. மூடியைக் கழுவிப் பானையில் போட்டாள்.

அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். பொறுப்பாளர் யார் என்று இன்னும் சொல்லவில்லை, நாளைக்குப் போய் மேடத்திடம் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். நாளைக்கு என்பது என் பழக்கம். அப்படி நினைத்துக்கொண்டிருக்கும்போதுதான் கடிதம் வந்தது. பதுளையில் ஒருநாள் பயிற்சி. பல தோட்டங்களின் பிள்ளை மடுவத்துப் பெண்கள் வருகிறார்கள். சொல்லிக் கொடுப்பவர் நான். வரச் சொல்லியிருந்தவர்களின் பட்டியலில் புவனாவின் பெயரும் இருந்தது.

“எனக்கு அந்தக் குருவி வேணும்” என்றேன் பயிற்சிக்கு முதல் நாள்.

“பெட்டியில கட்டி வச்சிருக்கேன். பாத்துக் கொண்டுபோங்க, கழுத்து கோணல்” என்றாள்.

ரெண்டாவது வரிசை

தெமோதரையில் பஸ் ஏறினோம். அவள் முன்னால் போய் ஒரு பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். நான் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பின்னால்.

மண்டபத்தில் நாற்பது பெண்கள். பிளாஸ்டிக் கதிரைகள். ஒவ்வொருவர் கையிலும் சுற்றாத கம்பி ஒரு கட்டு, ஒரு காந்தம். புவனா இரண்டாவது வரிசையில், கொப்பியைத் திறந்து, பேனா மூடியைக் கழற்றி, நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தாள். மேடம் என்னை அறிமுகம் செய்தார். கை தட்டினார்கள். அவளும் தட்டினாள்.

நான் மீட்டர், மோட்டார், கரண்ட் என்று பத்து நிமிடம் அடித்துவிட்டேன். ஒரு பெண் எழுந்து, “சேர், எத்தன சுத்து சுத்தணும்?” என்று கேட்டாள்.

எனக்கு அந்த எண் தெரியாது. அந்தப் பெயர்கள்தான் காதில் இருந்தன. “ஒரு நூறு, நூத்தம்பது போதும்” என்றேன்.

நாற்பது பேரும் எழுதினார்கள். புவனாவும் எழுதினாள். அவள் கையால் நானூறுக்கு மேல் சுற்றியவள், நான் சொன்ன தப்பான கணக்கைக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை.

பிறகு கையை உயர்த்தினாள்.

“சேர்.”

என்னை அவள் அப்படிக் கூப்பிட்டதே இல்லை.

“சொல்லுங்க” என்றேன்.

“இத பித்தளத் தட்டுல வச்சா ஒண்ணும் ஆகாதுங்களா சேர்?”

குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரியே கேட்டாள். மண்டபத்தில் யாருக்கும் ஒன்றும் புரிந்திருக்காது.

“ஆகும். நின்னுரும்” என்றேன்.

“அது ஒங்களுக்கு எப்பவிருந்து தெரியும் சேர்?”

மேடம் நிமிர்ந்து பார்த்தார். இன்னொரு பொய் வாய்வரை வந்தது. கேட்டவள் என் வீட்டுக்காரியாக மட்டும் இருந்திருந்தால் சொல்லியிருப்பேன். இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து சேர் என்று கேட்கிறவளிடம் சொல்ல முடியவில்லை.

“தட்டு வர்றதுக்கு முந்தியே தெரியும். தெரிஞ்சுதான் வைக்கச் சொன்னேன். இந்தக் குருவிய நான் செய்யல. எனக்குச் செய்யத் தெரியாது. செஞ்சது அவங்க, என் வீட்டுக்காரி. நூறு, நூத்தம்பதுன்னு சொன்னதும் தப்பு. எத்தனைன்னு அவங்களைத்தான் கேக்கணும்.”

புவனா எழுந்து வந்தாள். நான் இறங்கி அவள் இருந்த கதிரையில் உட்கார்ந்தேன். கொப்பி திறந்தபடியே கிடந்தது. அவளுடைய குண்டுக் குண்டான எழுத்தில், “சுற்று: 100-150 (சேர் சொன்னது)” என்று இருந்தது.

அவள் முன்னால் நின்று மீட்டரும் சொல்லவில்லை, மோட்டாரும் சொல்லவில்லை. “ஒங்க மடுவத்துல எத்தன பிள்ளைங்க? பேரச் சொல்லிச் சுத்துங்க. நானூறு வர்ற வரைக்கும் சுத்துங்க” என்றாள். நாற்பது பெண்களும் சிரித்தார்கள். பிறகு சுற்ற ஆரம்பித்தார்கள். நாற்பது தோட்டத்துப் பிள்ளைகளின் பெயரும் அந்த மண்டபத்தில் ஒரே நேரத்தில் கேட்டன.

தேத்தண்ணி நேரத்தில் மேடம் எங்கள் இரண்டு பேரையும் ஓரமாகக் கூப்பிட்டார். என்னைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தார்.

“அண்டைக்கே சொல்லியிருக்கலாமே பிள்ளை. பேர் எல்லாம் போன கிழமையே மேலே அனுப்பியாச்சு. மேல் டிவிஷன் பிள்ளைக்குத்தான் வந்திருக்கு. உம்மட பேருக்கு நேரே, கணவர் செய்தது என்று நான்தான் எழுதினனான்.”

“பரவால்லங்க மேடம்” என்றாள் புவனா. பிறகு தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவப் போனாள். அங்கே கழுவ வேறு ஆட்கள் இருந்தார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் மன்னிப்புக் கேட்டேன். தட்டுக்குக் கேட்டேன், டெஸ்டருக்குக் கேட்டேன், “ஆமாங்க மேடம்” என்றதற்கும் கேட்டேன். அவள் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டாள்.

“ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நான் செஞ்சதுல ஒங்களுக்கு என்ன கொறஞ்சிருச்சு?”

எனக்குப் பதில் தெரியவில்லை என்றேன். அதுவும் பொய்தான்.

அன்று மண்டபத்தில் முதல் குருவி ஆடியதும் எல்லோரும் எழுந்து நின்று அவளுக்குக் கை தட்டினார்கள். எனக்குத் தட்டியதைவிட அதிக நேரம் தட்டினார்கள். நானும் தட்டினேன். உண்மையைச் சொல்லி முடித்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, அப்போதும் எனக்கு வயிறு எரிந்தது. அவளுக்கு வரவேண்டிய வேலை என்னால் போய்விட்டது என்று தெரிந்த பிறகும், அந்தக் கைதட்டலை நினைத்தால் எரிகிறது. இதை மட்டும் நான் அவளிடம் சொல்லவே இல்லை.

எங்கள் வீட்டில் இந்தப் பத்திரிகையை முதலில் பிரிப்பவள் அவள்தான்.